முக்கொம்பு முகாமுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்

அந்த முகாமுக்கு முன்பு நாலைந்து தடவை முக்கொம்புக்குப் போயிருக்கிறேன். எல்லாம் ஆடிப்பெருக்குக்குத்தான். ஜமக்காளம், தூக்குவாளி நிறையப் புளிச்சோறு, சித்தப்பா வீட்டுக் குழந்தைகள், சாயங்கால பஸ். புதுத்தண்ணீர் அணையின் மேல் வழிவதை வேடிக்கை பார்த்து, சோற்றைத் தின்று, இருட்டுவதற்குள் தென்னூருக்குத் திரும்பிவிடுவோம். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை இருக்கும். எல்லோரும் போன பிறகு இந்த இடம் எப்படி இருக்கும்? விடியற்காலையில் ஆறு என்ன நிறத்தில் இருக்கும்? இதையெல்லாம் வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நாலு. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகிவிட்டால் இந்த ஆசை எங்கே நிறைவேறப் போகிறது என்று நினைத்தேனோ என்னவோ, ஒருநாள் தலைமையாசிரியையின் அறைக்குப் போய், நாலாம் பாரம் பெண்களை முக்கொம்புக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் முகாம் போடலாமா என்று கேட்டுவிட்டேன்.

"ஆறு ரெண்டாப் பிரியறதைப் பார்க்க மூணு நாள் எதுக்கும்மா? போனோம், பார்த்தோம்னு சாயங்காலம் வந்துடலாமே" என்றார் அவர்.

"காலையில, மத்தியானம், சாயங்காலம்னு மூணு வேளையும் பார்த்தாத்தான் மேடம் ஆத்தோட போக்கு புரியும்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பூகோளத்துக்காக மட்டும் நான் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். "டிரில் டீச்சர் கூட வந்தா அனுப்பறேன்" என்றார்.

டிரில் டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது. வெள்ளைச் சேலை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். நாலு பிள்ளைகள். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "மூணு நாள் எங்க வீட்டுக்காரர் சமைக்கட்டும். நான் வரேன்" என்றுவிட்டார்.

கூடாரம் வேண்டும். வகுப்பில் ஒரு பெண்ணின் அத்தா பெரிய கடைவீதியில் கித்தான், தார்ப்பாய், கயிறு விற்கும் கடை வைத்திருந்தார். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்ட கூடாரங்கள் மூன்று அவரிடம் இருந்தன. வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, "எம் பொண்ணும் உங்ககூடத்தானே டீச்சரம்மா படுக்கப் போகுது? எடுத்துட்டுப் போங்க" என்றார். அதோடு விடாமல் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துக்கே வந்து, கூடாரத்தை எப்படி நிறுத்துவது, கயிற்றை எப்படி இழுத்துக் கட்டுவது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். டிரில் டீச்சர் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பதினெட்டுப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். பதினேழு வீட்டில் அனுமதி வந்துவிட்டது. வராதது ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுடையது. நன்றாகப் படிக்கிற, அதிகம் பேசாத பெண். அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்திரை வீதியில் இருந்த அவள் வீட்டுக்கே போனேன்.

அவள் அப்பா ஜங்ஷன் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. நெற்றியில் பளிச்சென்று திருமண். மரியாதையாக உட்காரச் சொன்னார். மோர் கொண்டுவரச் சொன்னார். ஆனால் பேச்சில் இறங்கி வரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. எங்காத்துக் குழந்தை வெளியிலே சாப்பிட்டுப் பழக்கமில்லை. மூணு நாள்னா எப்படி?"

"அவளுக்குத் தனியாச் சமைக்கச் சொல்றேங்க."

"யார் சமைப்பா? நீங்களா?"

எனக்கு அப்போது ரசம்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது. அப்போதுதான் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த அவள் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். ஒல்லியானவர். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மடிசார். கையில் எனக்கான மோர் டம்ளர்.

"நான் வேணா நடுநாள் தளிகை பண்ணி எடுத்துண்டு போறேனே. முதல் நாளைக்கும் கடைசி நாளைக்கும் கட்டிக் கொடுத்துடலாம். கெட்டுப்போகாது."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ எப்படிப் போவே?"

"பஸ்ஸுலேதான். எல்லாரும் போறாளே."

அவர் சம்மதித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மகளின் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தாரா, நான் வீடு தேடி வந்துவிட்டேனே என்று சம்மதித்தாரா, தெரியாது.

தை மாதக் கடைசி வாரம். மேட்டூரில் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். ஆற்றில் வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை. காலை பாசஞ்சரில் ஏறி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நடந்தோம். கூடாரங்களும் பாத்திரங்களும் முன்பே மாட்டுவண்டியில் போய்விட்டன. அணைக்கட்டு ஆபீஸில் அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும், மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவரை எங்களோடு அனுப்பினார்கள். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்து மனிதர். காக்கிச் சட்டை, முண்டாசு. பூங்காவைத் தாண்டி, காவிரிக் கரையில் ஒரு தோப்பை எங்களுக்குக் காட்டினார். பிறகு ஆற்றில் இறங்கி, மூங்கில் குச்சிகள் ஐந்தாறை வரிசையாக மணலில் நட்டுவிட்டு வந்தார்.

"இந்தக் குச்சி வரைக்கும் முழங்கால் தண்ணிதாங்க. வெளையாடட்டும். அதுக்கு அந்தப் பக்கம் கசம், ஆளை முழுங்கற ஆழம். ஒரு புள்ள போவக்கூடாது."

டிரில் டீச்சர் பெண்களை வரிசையில் நிற்கவைத்து, விசில் ஊதி, இதையே மூன்று தடவை சொன்னார்.

முதல் நாள் நாங்கள் செய்தது எதுவும் சரியாக வரவில்லை. மூன்று கல் அடுப்பில் வைத்த சோறு அடியில் கருகி மேலே அரிசியாக இருந்தது. ஸ்ரீரங்கத்துப் பெண் மட்டும் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த புளியோதரையைச் சங்கடத்தோடு தனியாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் ஆற்றுக் காற்று கிளம்பியது. எங்கள் மூன்று கூடாரங்களில் இரண்டு மெதுவாக, மாடு படுக்கிற மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டன. உள்ளே இருந்த ஏழு பெண்கள் கித்தானுக்கு அடியிலிருந்து கத்தினார்கள். கத்தியது பயத்தினால் இல்லை, சிரிப்பினால் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டிரில் டீச்சர் முளைக்குச்சிகளை மறுபடி மறுபடி அடித்தார். அவை மறுபடி மறுபடி பிடுங்கிக்கொண்டு வந்தன. கடைசியில் கித்தான் கடைக்காரரின் பெண் என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"டீச்சர், ஸ்கூல் கிரவுண்டு கெட்டி மண்ணு. இது மணலு. இதுல குச்சி நிக்காது. விறகைக் கட்டுக் கட்டாக் கட்டி, பள்ளம் தோண்டிப் புதைச்சு, அதுல கயித்தைக் கட்டணும். அத்தா கடையில சர்க்கஸ்காரங்க பேசிக்கிட்டிருந்தாங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"டிரில் டீச்சர் பேசவிடலையே டீச்சர்."

டிரில் டீச்சர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, "சரி, நீ சொல்லு, நாங்க செய்யறோம்" என்றார். பதினாலு வயதுப் பெண் உத்தரவு போட, நாற்பத்தைந்து வயது டீச்சர் மணலைத் தோண்டினார். பொழுது சாய்வதற்குள் கூடாரங்கள் நின்றுவிட்டன. அதன் பிறகு முகாம் முடியும்வரை அவை அசையவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். ஆறு என்ன நிறத்தில் இருக்கும் என்று இத்தனை வருஷம் யோசித்தேனே, அதற்கு நிறமே இல்லை. பனிமூட்டத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. வெளிச்சம் வர வர முதலில் மணல்திட்டு தெரிந்தது. பிறகு அதன்மேல் நின்ற கொக்குகள். பிறகு அணையின் மதகுக் கண்கள் ஒவ்வொன்றாக. தோளில் போர்வையோடு உட்கார்ந்தே இருந்தேன். யாரும் காப்பி போடக் கூப்பிடவில்லை. அப்படி ஒரு காலை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில், ரோட்டிலிருந்து தோப்புக்கு வரும் பாதையில் ஸ்ரீரங்கத்து அம்மா தென்பட்டார். இரண்டு கையிலும் பெரிய தூக்குகள். தலையில் துணி சுருட்டி அதன்மேல் ஒரு பித்தளைக் குண்டான். எங்கள் பெண்கள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்கள்.

"ஸ்டாப் தெரியாம முன்னாடியே இறங்கிட்டேன். ஒரு மைல் நடந்திருப்பேன்" என்று சொல்லித் துளி அலுப்பில்லாமல் சிரித்தார். தனியாகப் பஸ்ஸில் வந்தது அதுதான் முதல் தடவையாம்.

குண்டானில் தயிர்சாதம். தூக்குகளில் புளியோதரையும் உருளைக்கிழங்குக் கறியும். அவருடைய பெண் திகைத்துப் போய்விட்டாள். "எனக்கு எதுக்கும்மா இத்தனை?"

"உனக்கு மட்டும்னு யார் சொன்னா? இத்தனை குழந்தைகள் பார்த்துண்டு இருக்கறச்சே ஒருத்திக்கு மட்டும் எப்படிக் கொண்டுவரது?"

விடியுமுன்பே எழுந்து இருபது பேருக்குச் சமைத்திருக்கிறார். முதல் நாள் கருகின சோற்றைத் தின்ற பெண்கள் பாய்ந்தார்கள். டிரில் டீச்சர் மூன்றாவது தடவை தயிர்சாதம் வாங்கும்போது விசிலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். வட்டமாக உட்கார்ந்து, அந்தப் பெண்ணும் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டாள். இரண்டு நாளாக அவள் முகத்தில் இருந்த சங்கடம் காணாமல் போனது.

சாப்பிட்ட பிறகு பெண்கள் பாத்திரம் தேய்க்க ஆற்றில் இறங்கினார்கள். நானும் அந்த அம்மாவும் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று நினைத்து, "குச்சியைத் தாண்ட மாட்டாங்க, கவலைப்படாதீங்க" என்றேன். "இல்லை, இல்லை" என்றார்.

எங்களிடம் ஒரு பெரிய அலுமினிய அண்டா இருந்தது. எங்கள் தெருவில் கல்யாணங்களுக்கெல்லாம் கொடுக்கும் பொது அண்டா. பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று என் அம்மா உத்தரவாதம் கொடுத்து வாங்கித் தந்தது. அதை மணல் போட்டுப் பளபளவென்று தேய்த்த பெண்கள், அது மிதக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தி தள்ள, இன்னொருத்தி பிடிக்க என்று விளையாடியிருக்கிறார்கள். ஒரு தடவை பிடிக்கவேண்டியவள் பிடிக்கவில்லை. அண்டா தன்பாட்டுக்கு, நிதானமாக, மூங்கில் குச்சிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போயிற்று.

பதினெட்டுப் பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். டிரில் டீச்சர் ஓடிவந்து பலமாக விசில் ஊதினார். அண்டா நிற்கவில்லை.

"லஸ்கரைக் கூப்பிடுங்க!" என்றேன். அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். மடிசார்த் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் தண்ணீரில் இறங்கி, பெண்களைத் தாண்டி, குச்சிகளையும் தாண்டி நடந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிறகு அவரைக் காணவில்லை.

இரண்டு வினாடிதான் இருக்கும். கசத்துக்கு நடுவில் அவர் தலை மேலே வந்தது. ஒரு கை வெளியே வந்து தண்ணீரை வாரியது. பிறகு அடுத்த கை. அவசரமே இல்லை. வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நீந்திப் போனார். அண்டாவை எட்டிப் பிடித்தார். அதன் விளிம்பை ஒரு கையால் தள்ளிக்கொண்டே, இன்னொரு கையாலும் காலாலும் நீந்தித் திரும்பினார். முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்றபோது கொண்டை அவிழ்ந்து, தலைமுடி முதுகெல்லாம் ஒட்டியிருந்தது.

அவருடைய பெண்தான் முதலில் பேசினாள்.

"அம்மா, உனக்கு நீஞ்சத் தெரியுமா?"

"தெரியும்டி."

"எப்போலேர்ந்து?"

"உன் வயசுக்கு முன்னாடியிலேர்ந்து." அண்டாவை அவள் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். சித்திரை வீதி வீட்டு நிலைப்படியில் பார்த்த முகமில்லை அது.

"டீச்சர், இன்னும் ஒரு தரம் போயிட்டு வரட்டுமா?"

"அண்டாதான் வந்துடுச்சேங்க."

"அண்டாக்கு இல்லை."

எனக்கு நீச்சல் தெரியாது. அவரைவிட நான் எட்டு வயது சின்னவள். தலையாட்டினேன். அவர் திரும்பிப் போனார். இந்தத் தடவை கசத்தின் மறுகரை வரை போய், மணல்திட்டைத் தொட்டுவிட்டு, மல்லாந்து மிதந்துகொண்டே வந்தார். பெண்கள் கைதட்டினார்கள்.

கரையேறிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பிறந்தது லால்குடிப் பக்கம் கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். நாலு அண்ணன்கள். அவர்களோடு சேர்ந்து பன்னிரண்டு வயது வரை தினம் ஆற்றில்தான் கிடப்பாராம். பிறகு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பதினாறில் கல்யாணம். ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஆறுதான். ஆனால் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாலு பேர் பார்க்க முங்கி எழுந்திருப்பதோடு சரி.

"இருபது வருஷமாச்சு. மறந்திருக்கும்னு நினைச்சேன். கை, கால் தானாப் போறது" என்றார்.

மாற்றுப் புடவை எடுத்துவரவில்லை. என்னுடைய ஆறு கஜச் சேலை ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு, ஈர மடிசாரை இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய கயிற்றில் நீளமாகக் காயப்போட்டார். ஒன்பது கஜமும் காற்றில் பறந்தது. ஆனால் தை மாத வெயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் அது காயவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

நான் அவரோடு ரோடு வரை போனேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்றார். அவர் படியருகில் போனவர் நின்றார். கண்டக்டரை நன்றாகப் பார்த்து, "நீங்க ஸ்ரீரங்கம் வரைக்கும் போவேளோ?" என்றார்.

"நைட் ஹால்ட் அங்கதாம்மா. என் வீடே அங்கதான்."

அந்த அம்மா தன் வீட்டு அடையாளம் சொன்னார். பிறகு, "அங்கே போய்ச் சொல்லணும். புடவை நனைஞ்சுடுத்து, காயலை, நாளைக்குக் குழந்தையோடயே வந்துடறேன்னு. சொல்லுவேளா?"

"சொல்லிடறேம்மா."

பஸ் போய்விட்டது. அவர் திரும்பி நடந்தார். நான்தான் அங்கேயே நின்றேன். என் சேலையைக் கட்டிக்கொண்டே போயிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி சமையலும் அவர்தான். முகாமில் முதன்முதலாகச் சோறு சோறாக வெந்தது. பெண்களோடு பெண்ணாகக் கூடாரத்தில் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் சரியாகத் தூக்கம் வரவில்லை. காலையில் அந்த வீட்டு மனிதர் வந்து என்னை என்ன கேட்பார், நான் என்ன பதில் சொல்வேன், தலைமையாசிரியையிடம் போவாரா என்று ஒன்று மாற்றி ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன். டிரில் டீச்சரிடம் சொன்னேன். "வந்தா நான் பேசிக்கறேன், நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு அவர் குறட்டை விட்டார்.

காலையில் ஸ்ரீரங்கத்து அம்மாவின் கணவர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மஞ்சள் துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு தோப்புக்குள் வருவதைப் பார்த்ததும் டிரில் டீச்சர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நான் முன்னால் போனேன்.

"வாங்க" என்றேன். "நான்தான் அவங்களை..."

"எங்கே அவ?"

ஆற்றைக் காட்டினேன். காலை வெயிலில் பெண்கள் முழங்கால் தண்ணீரில் இருந்தார்கள். அவர் மனைவியும் அவர்களோடு நின்று, யாருக்கோ முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். என் சேலை மறுபடி நனைந்திருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துணிப்பையை என்னிடம் நீட்டினார். "புடவை நனைஞ்சுடுத்துன்னு கண்டக்டர் சொன்னான். மாத்துப் புடவை வேண்டாமா? ராத்திரியே கொண்டுவந்திருப்பேன், பஸ் இல்லை."

பையைத் திறந்து பார்த்தேன். அரக்கு நிற மடிசார்ப் புடவை. மடிக்கத் தெரியாதவர் மடித்தது. பாதி சுருட்டல், பாதி மடிப்பு. கூடவே ஒரு சீப்பு, ஒரு சின்னக் குங்குமச் சிமிழ். இரவு முழுவதும் நான் ஒத்திகை பார்த்த பதில்கள் எதற்கும் அங்கே வேலையில்லை.

அவருடைய பெண் முன்னால் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். பின்னாலேயே அம்மா கரையேறி வந்தார். கணவரைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துக்கொண்டார். "ஆபீஸ் இல்லையா இன்னிக்கு?"

"அரை நாள் லீவு போட்டிருக்கேன். குழந்தை சொல்றாளே, நீ நீஞ்சினேன்னு? அந்தக் கசத்துலேயா?"

"ம்."

"எங்கிட்டே சொன்னதே இல்லையே."

"சொல்லி என்ன பண்றது? நம்மாத்துலே கிணறுன்னா இருக்கு."

கேட்டுக்கொண்டிருந்த டிரில் டீச்சர் சட்டென்று சிரித்துவிட்டார். கணவரும் சிரித்தார். அப்புறம் உட்கார்ந்து, மனைவி கல் அடுப்பில் கிண்டி வைத்திருந்த உப்புமாவை வாழையிலையில் சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டார். முந்தின ராத்திரி அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

கிளம்புவதற்கு முன்னால் அவரே, "எங்கே, ஒரு தரம் போ, பார்க்கலாம்" என்றார். அந்த அம்மா வெட்கப்பட்டு மாட்டேன் என்றார். பெண்கள் விடவில்லை. லஸ்கரும் வந்துவிட்டார். முந்தைய நாள் நடந்ததைக் கேட்டு நம்பாமல் வந்திருந்தார். கடைசியில் அந்த அம்மா இறங்கினார். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீர் வரை போய் நின்றார். அதற்கு மேல் போகப் பயம். அவருக்கு நீச்சல் தெரியாது. மனைவி கசத்தின் நடுவுக்குப் போனபோது பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, லஸ்கரின் தோளைத் தட்டி, "பாருங்கோ, அந்தத் திட்டு வரைக்கும் போறா பாருங்கோ" என்றார்.

"நம்ம கண்டதில்லைங்க சாமி, பொம்பளையாளு இதுல இப்படிப் போயி" என்றார் லஸ்கர்.

சாயங்கால பாசஞ்சரில் திரும்பினோம். அரைநாள் லீவு முழுநாளாகிவிட்டது. பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எதிர்ப் பெஞ்சில் கணவனும் மனைவியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கொள்ளிடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். எவ்வளவு அகலம், எந்த அண்ணன் கற்றுக்கொடுத்தான், முதலை இருந்ததா, அம்மா அடிக்கவில்லையா? மனைவி பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கோட்டை ஸ்டேஷன் வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை. அண்டாவைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருஷ முகாமுக்கு நான் இல்லை. சித்திரையில் எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். தை முடிந்து மாசி பிறந்தபோது டிரில் டீச்சரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். இந்தத் தடவை இருபத்தாறு பெண்கள். ஐந்து கூடாரம். கித்தான் கடைக்காரர் பெண்தான் எல்லாவற்றையும் நின்று கட்டவைத்தாள். ஸ்ரீரங்கத்து அம்மா முதல் நாளே வந்து மூன்று நாளும் இருந்தார்; அவருடைய பெண் இப்போது குச்சிக்கு இந்தப் பக்கமாகவே பத்துக் கை நீந்துகிறாள். 'நானும் தண்ணீரில் உட்கார்ந்து பார்த்தேன், பரவாயில்லை' என்று தன்னைப் பற்றியும் ஒரு வரி. இந்த வருஷம் தண்ணீர் கொஞ்சம் அதிகம்.

கார்டைப் படித்துவிட்டு, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவரிடம், "இங்கே வைகையில எப்போ தண்ணி வரும்?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன், என்ன வேணும் உனக்கு?"

"நாலு நாள் லீவு கிடைக்குமா, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, முக்கொம்பைப் பற்றி ஆரம்பித்தேன். அன்று அவர் ஆபீஸுக்கு லேட்.